கஷ்டமான மைதானமே மலிவு

தெய்வானைக்கு வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போனதற்கு ஜாதகம் காரணமில்லை. அவளுடைய அப்பா சென்னியப்பனும், தாய்மாமன்கள் பொங்கியண்ணன், அத்தப்பன் இருவரும் வந்தவர்களிடம் வாயைத் திறந்ததுதான் காரணம். இந்தத் தடவை வந்த பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று, பாவம்.

பையனின் அப்பா திருமூர்த்திக்குக் கோல்ஃப் பைத்தியம். "ஞாயித்துக்கிழமை ஆடிக்கிட்டே பேசலாமுங்க. காசு கட்டுனா யாரும் ஆடற மைதானமா ஒண்ணு பாத்து வையுங்க. காசையும் பாருங்க, கஷ்டத்தையும் பாருங்க. கடைசிக் குழியில பந்து விழுந்ததும் தட்டு மாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் பார்க்கக் கிளம்பினார்கள். முதல் மைதானத்து ஆள், இங்கே மட்டையால் எண்பது அடி அடித்தாலே ஆட்டத்தை முடித்துவிடலாம், அத்தனை சுலபம் என்று பெருமையடித்தார். இவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த மைதானத்திலும் அதே கட்டணம்தான். ஆனால் ஒரே மேடு பள்ளம், மணல்குழி, நடுவில் ஒரு குட்டை வேறு. இருநூறு அடி அடித்தாலும் கரையேறுவது கஷ்டம் என்று அங்கிருந்தவர் எச்சரித்தார்.

மரத்தடியில் ஆலோசனை நடந்தது.

"அதே காசுக்கு அங்க எம்பது அடிதான் தர்றாங்க மச்சான். பகல் கொள்ளை" என்றான் அத்தப்பன்.

"இங்க இருநூறு. அடிக்கணக்குப் பாத்தா கஷ்டமானதுதான் மலிவு" என்றான் பொங்கியண்ணன்.

சென்னியப்பனுக்கு அதிலும் திருப்தியில்லை. "இதைவிடக் கஷ்டமா ஒண்ணு இருக்குதான்னு கேட்டியா?"

இல்லையாம். சரி, கிடைத்தவரை லாபம் என்று சம்பந்திக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திருமூர்த்தி நாலே அடியில் பந்தை முதல் குழியோரம் கொண்டுவந்துவிட்டார். சென்னியப்பனுக்கு வயிறு எரிந்தது. கட்டின காசு என்னாவது? கண்ணைக் காட்டினார். பொங்கியண்ணன் போகிற போக்கில் பந்தைக் காலால் தள்ளிவிட்டான். அப்புறம் குழிக்குக் குழி இதே உபசாரம். தனக்குக் கண்பார்வை மங்கிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, திருமூர்த்தி அடித்துக்கொண்டே போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கடைசிக் குழிக்கு வந்தார்கள். தாம்பூலத் தட்டோடு தெய்வானை காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பந்து நேராகக் குழியைப் பார்த்து உருண்டது. அத்தப்பன் ஓடிப்போய்க் குழிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"இன்னும் வெளிச்சம் இருக்குதுங்க. நிதானமா அடிங்க."

திருமூர்த்தி மட்டையைக் கீழே போட்டார். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நடையைக் கட்டினார்.

தெய்வானைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ அவகாசமில்லை. தட்டை வைத்துவிட்டு வந்து, மாமனைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினாள். பந்தை எடுத்துக் குழியில் போட்டாள்.

"விழுந்துருச்சுங்க மாமா" என்று திருமூர்த்திக்குக் குரல் கொடுத்தாள்.

திருமூர்த்தி திரும்பினார். குழியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். வீட்டில் ஒருத்திக்காவது மூளை இருக்கிறதே என்று தட்டை மாற்றிக்கொண்டார். மண்டபத்தை மட்டும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பெரிய மண்டபமாகப் பிடித்தார். வாடகையில் பாதியைச் சென்னியப்பன் கட்டினார்.

முகூர்த்தத்தன்று கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு மூன்றாவதுக்குக் கையைக் கொண்டுபோனார். சென்னியப்பன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி வரைக்கும் வாடகை கட்டியிருக்குதுங்க மாப்ள. அந்த ரெண்டையும் அவுத்துட்டு, முதல்ல இருந்து நிதானமா போடுங்க."