கணவாய்க் காவலனும் ஓடிவந்த மிளாவும்

வெண்குன்றுக் காட்டில் வீரபத்திரன் என்ற காட்டெருமை கணவாய்க் காவல் பார்த்துவந்தது. இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. அதன் குறுக்கே வீரபத்திரன் நின்றுவிட்டால் ஒரு முயல்கூட நுழைய முடியாது. அவ்வளவு பெரிய உடம்பு! நான்கு கால்களும் முட்டிக்குக் கீழே வெள்ளை வெளேரென்று இருக்கும். தூரத்தில் அந்த வெள்ளையைப் பார்த்ததுமே, "காவல்காரர் நிக்கிறார்!" என்று எல்லாரும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதில் வீரபத்திரனுக்கு ஏகப்பட்ட பெருமை.

கணவாயில் ஒரே ஒரு சட்டம்தான். யாரும் ஓடக் கூடாது. ஓடினால் பாதையோரக் கற்கள் பெயர்ந்து உருளும். கீழே சரிவில் முயல்களும் முள்ளம்பன்றிகளும் குட்டிகளோடு மேய்கின்றன. பத்து வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் ஒரு கல் உருண்டு போய் ஒரு முயலின் பின்னங்காலை முறித்துவிட்டது. அதன் பிறகு காட்டுச் சபை கூடிப் போட்ட சட்டம் இது. மீறினால், பக்கத்திலிருக்கும் வேங்கை மரத்தின் நிழல் ஒரு பாறையைத் தாண்டும்வரை வெயிலில் அசையாமல் நிற்க வேண்டும்.

ஆனால் ஓடுகிறவர்களிடம் காரணத்துக்கா பஞ்சம்? "அம்மாவுக்குக் காய்ச்சல்!" என்றது ஒரு குரங்கு. போய்ப் பார்த்தால் அந்தப் பக்கம் பலா பழுத்திருந்தது. "வீடு தீப்பிடிச்சிருச்சு!" என்றது ஒரு காட்டுப்பன்றி. பன்றிக்கு ஏது வீடு? இப்படிக் கேட்டுக் கேட்டு வீரபத்திரனுக்குக் காது புளித்துப்போனது. இனி யார் என்ன காரணம் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டது.

ஒரு நாள் உச்சிவேளை. நல்லமுத்து என்ற நரி வெயிலில் நின்றுகொண்டிருந்தது. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று சொல்லி ஓடிவந்து மாட்டிக்கொண்டது அது. அந்த மாதத்தில் மட்டும் அதன் பெண்டாட்டிக்கு அது மூன்றாவது பிரசவம்!

அப்போது தடதடவென்று குளம்புச் சத்தம். செண்பகம் என்ற பெண் மிளா மான் தலைதெறிக்க ஓடிவந்தது. அதன் காலடியில் இரண்டு கற்கள் பெயர்ந்து சரிவில் உருண்டன.

"நில்!" என்று வீரபத்திரன் குறுக்கே வந்து நின்றது.

"ஐயா, என் குட்டி குளத்துச் சேத்துல மாட்டிக்கிச்சு! கொக்கு வந்து சொல்லிச்சு. வழி விடுங்க!"

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. சட்டம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் ஐயா. ஓடினது தப்புதான்."

"தப்புன்னு தெரிஞ்சும் ஓடினியா? கீழே குட்டிகள் மேயுறது கண்ணுக்குத் தெரியலையா? உன் குட்டி மட்டும்தான் குட்டியா?"

வீரபத்திரன் பேசிக்கொண்டே போனது. கல் உருண்ட கதை, முயல் கால் முறிந்த கதை, தன் பத்து வருடக் காவல் கதை, ஒன்றையும் விடவில்லை.  செண்பகத்தின் நான்கு கால்களும் ஓரிடத்தில் நிற்காமல் தவித்தன. கண் மட்டும் காட்டெருமையைத் தாண்டிப் பாதையிலேயே இருந்தது.

"ஐயா, திரும்பி வந்து ரெண்டு மடங்கு நேரம் நிக்கிறேன். நாளெல்லாம் நிக்கச் சொன்னாலும் நிக்கிறேன். இப்ப மட்டும் விடுங்க!"

வெயிலில் நின்ற நரிக்கு வாய் சும்மா இருக்குமா? "அதெப்படி அண்ணாச்சி? என்னை நிறுத்தினீங்க, அந்தம்மாவை விட்டுருவீங்களா? ஆளுக்கொரு நியாயமா?"

வீரபத்திரனுக்குச் சுருக்கென்றது. எல்லாருக்கும் ஒரே நியாயம் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்ததே! விட்டால் நரி சிரிக்கும். நிறுத்தினால், ஒருவேளை இவள் சொல்வது உண்மையாக இருந்தால்?

அது மிளாவின் தவிக்கும் கால்களைப் பார்த்தது. பத்து வருடத்தில் முதல்முறையாக ஒரு யோசனை வந்தது. பொய்யா மெய்யா என்று பார்க்க இங்கேயே நின்றுகொண்டு என்ன வழக்கு? போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது!

"வா தாயி, நானும் வாரேன்!" என்றது வீரபத்திரன்.

நரி வாயைப் பிளந்தது. "அப்போ எனக்கு?"

"உன்கூடவும் வந்திருக்கணும்ப்பா. உன் பெண்டாட்டி எங்கே இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். அது என் தப்புதான். திரும்பி வந்ததும் நேரா உன் வீட்டுக்குப் போவோம்."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி! நான் நின்னுக்கிறேன், சுகமாத்தான் இருக்கு!" என்று நரி அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வீரபத்திரன் முன்னால் ஓடியது. ஓடும்போதே காடு அதிர ஒரு குரல் கொடுத்தது. "கீழே இருக்கிறவங்க எல்லாரும் ஒதுங்குங்க! கல்லு உருளும்! குட்டிகளைக் கூட்டிட்டுப் போங்க!"

முயல்கள் துள்ளி ஒதுங்கின. முள்ளம்பன்றிகள் குட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போயின. கற்கள் உருண்டன. ஆனால் ஒன்றுகூட யார்மேலும் விழவில்லை. பின்னால் வந்த செண்பகத்துக்கு வழி முழுக்கத் திறந்து கிடந்தது.

குளத்தில் தண்ணீர் வற்றி நடுவில் சேறு மட்டும் இருந்தது. கரைக்குச் சற்றுத் தள்ளி இரண்டு காதுகளும் ஒரு மூக்கும் தெரிந்தன. மற்றதெல்லாம் சேற்றுக்குள்.

"கண்ணே!" என்று செண்பகம் பாயப் போனது.

"நில்லு தாயி! நீயும் புதைஞ்சிருவ!" என்றது வீரபத்திரன். கரையில் ஒரு பட்ட மரம் விழுந்து கிடந்தது. பத்து மிளாக்கள் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மரம். வீரபத்திரன் நெற்றியைக் கொடுத்து முட்டியது. மூச்சுப் பிடித்து மறுபடி முட்டியது. மரம் உருண்டு சேற்றில் விழுந்தது. அதன்மேல் காலை வைத்து, தலையைத் தாழ்த்தி, கொம்பைக் குட்டியின் நெஞ்சுக்கு அடியில் கொடுத்து மெல்லத் தூக்கியது.

பொளக்கென்று குட்டி வெளியே வந்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு, "அம்மா, பசிக்குது!" என்றது.

செண்பகம் குட்டியை நக்கியே சுத்தம் செய்தது.  வீரபத்திரனுக்குக் கணவாயில் தான் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு கதை சொல்லியிருந்தால் அந்த மூக்கும் மூழ்கியிருக்குமே!

"என்னை மன்னிச்சிடு தாயி. உன்னை நிறுத்தினது தப்பில்லை. நிறுத்தி வச்சுக்கிட்டே பேசினேனே, அதுதான் தப்பு."

"நீங்க கூட வரலைன்னா அந்த மரத்தை யார் ஐயா தள்ளியிருப்பாங்க? எங்க காவல்காரர் மாதிரி எந்தக் காட்டுக்கு வாய்க்கும்!" என்றது செண்பகம். அதன் குரலில் அப்படி ஒரு பெருமை.

மூவரும் திரும்பி நடந்தார்கள். சரிவிலிருந்த அத்தனை பேரும் பாதையோரம் கூடிவிட்டார்கள்.

"நாங்கதான் முதல்ல ஒதுங்கினோம்!" என்றது முயல்.

"நான் முள்ளையெல்லாம் மடக்கிக்கிட்டு ஒதுங்கினேனாக்கும்!" என்றது முள்ளம்பன்றி.

"எல்லாரும்தான் காப்பாத்தினோம்!" என்றது வீரபத்திரன். அன்று அந்தக் காட்டில் பெருமைப்படாத ஆளே இல்லை. மிளாக்குட்டி மட்டும் ஒன்றும் தெரியாமல், காட்டெருமையின் காலுக்கடியில் புகுந்து புகுந்து நடந்துவந்தது.

வழியை மறிக்கத் தெரிந்தவரைவிட, தவிப்போடு வருகிறவருக்கு முன்னால் ஓடி வழியைத் திறந்துவிடுகிறவரே உண்மையான காவலர்.