முன்கூட்டியே போட்ட தோப்புக்கரணம்

மலையடிவாரத்தில் வேலப்பசாமி ஒரு பாடசாலை நடத்திவந்தார். பிள்ளைகள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, படித்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சண்டை போட்டார்கள்.

சாமியின் மூத்த சீடன் சீராளன். நாற்பது வயது, நல்ல தொந்தி, நெற்றி நிறையத் திருநீறு. பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் வேலையை அவனே வலியப்போய்க் கேட்டான்.

"சாமி, ஒரே தப்புக்கு நீங்க ஒருத்தனை முறைக்கிறீங்க, ஒருத்தனைத் தனியா கூப்பிட்டுப் பேசறீங்க, ஒருத்தனுக்குச் சோறு போடறீங்க. இது நியாயமா?"

"நீ என்ன செய்வே?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம். லேட்டா வந்தா அஞ்சு தோப்புக்கரணம். பொய் சொன்னா பத்து. அடிச்சா இருபது. யார் எவர்னு முகம் பார்க்க மாட்டேன்."

"சரி, பாரு" என்றார் சாமி.

கொஞ்ச நாள் பாடசாலை பெட்டிப் பாம்பாய் அடங்கிக் கிடந்தது. சீராளனுக்குத் தலைகால் புரியவில்லை. நடையே மாறிவிட்டது.

பிறகு ஒருநாள் காலையில் மாசிலாமணி என்ற பையன் பிள்ளையார் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். சீராளனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. இந்தப் போக்கிரிக்குள் இவ்வளவு பக்தியா?

"என்னப்பா வேண்டிக்கிட்டே?"

"வேண்டுதல் இல்லண்ணே. சாயங்காலம் தாண்டவனை அடிக்கணும். அதுக்கு இருபது. இப்பவே போட்டு வச்சிட்டா அப்புறம் விளையாட நேரம் கிடைக்கும்."

சீராளன் தன் சட்டத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தான். தப்புக்கு முன்னாலா பின்னாலா என்று அவன் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"போட்டது போட்டதுதானே அண்ணே?"

"போட்டது போட்டதுதான்" என்றான் சீராளன். பயல் சும்மா சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் தாண்டவன் அடி வாங்கினான். மறுநாளும் வாங்கினான்.

விஷயம் பரவியது. விடிந்ததும் பிள்ளையார் முன்னால் இடம் கிடைக்கவில்லை. பொய் சொல்ல வேண்டியவன், தூங்கிவிட்டு லேட்டாக வர வேண்டியவன், எல்லாரும் அவரவர் தேவைக்குப் போட்டு வைத்தார்கள். தொடை வலுத்த ஒருவன் ஒரு வடை வாங்கிக்கொண்டு அடுத்தவனுக்காகவும் போட்டான். அந்த வழியாகப் போன ஊர்க்காரர்கள், "என்ன வளர்ப்பு, என்ன ஒழுக்கம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சீராளனுக்கு அழுகை வந்தது.

தாண்டவனால் மட்டும் எதுவும் போட்டு வைக்க முடியவில்லை. அவனுக்கு இடது கால் சூம்பியிருந்தது. குந்தினால் எழ முடியாது. சட்டம்தான் முகம் பார்க்காதே, காலையா பார்க்கப்போகிறது? திருப்பி அடிக்க வழியில்லாதவனை அடிப்பது மாசிலாமணிக்கு வசதியாகவும் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் தாண்டவன் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தான். ஊர் திரும்ப வண்டி வரவேண்டும்.

சீராளன் அதைப் பார்த்துவிட்டான். பாடசாலையை விட்டு ஒரு பிள்ளை அழுதுகொண்டு போனதே இல்லை. சாமியிடம் ஓடினான்.

"சாமி, தாண்டவன் போறான். இருபது போதாது. அம்பதாக்கணும்."

சாமி எழுந்து பிள்ளையார் முன்னால் போய் நின்று, காதைப் பிடித்து, தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். எழுபது வயது முழங்கால் ஒவ்வொரு தடவையும் சடக் சடக்கென்றது. பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு ஓடிவந்தார்கள்.

"வேண்டாம் சாமி" என்று சீராளன் கெஞ்சினான்.

சாமி முடித்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

"என்ன சாமி இது?"

"அடிச்சா இருபதுதானே? போட்டாச்சு. எண்ணினியா?"

"எண்ணினேன். இருபதுதான்."

"அப்ப தீர்ந்துச்சு."

"எப்படிச் சாமி தீரும்? எரியுது."

"எனக்கும்தான் முழங்கால் விண்விண்ணுன்னு தெறிக்குது."

"அதனால என் கன்னத்துக்கு என்ன சாமி ஆச்சு?"

"பின்னே, உனக்கு என்ன வேணும்?"

நாற்பது வயது மனிதன், அத்தனை பிள்ளைகள் முன்னால். குரல் உடைந்துவிட்டது. "எதுக்கு அடிச்சீங்கன்னு சொல்லுங்க. இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க."

சாமி வாசல் பக்கம் பார்த்தார். சீராளனும் மூட்டையோடு உட்கார்ந்திருந்த தாண்டவனைப் பார்த்தான். பிறகு மாசிலாமணியைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போனான்.

"தாண்டவா, உனக்கு என்னப்பா வேணும்?"

அதுவரை அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை. யோசித்துத்தான் சொன்னான்.

"ஏன் அடிச்சான்னு சொல்லச் சொல்லுங்க."

மாசிலாமணிக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, நாப்பது போட்டுடறேனே."

"வேண்டாம். சொல்லு."

"நூறு?"

"சொல்லுடா."

மாசிலாமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாட்டு ஒப்பிக்கும்போது நான் மறந்துபோய் நின்னா, இவன் டக்குனு சொல்லிடறான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"உனக்கு எடுத்துக் குடுக்கத்தானேடா சொன்னேன்" என்றான் தாண்டவன்.

மாசிலாமணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாண்டவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். "அப்ப மெதுவாச் சொல்லக் கூடாதா? காதுக்குள்ள?" என்றான். அப்புறம், "இனிமே அடிக்க மாட்டேன்டா" என்றான்.

வண்டி வந்தது. வண்டிக்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

சீராளன் உள்ளே வந்தபோது சாமி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சீராளா, உன்னை நான் அடிச்சிருக்கக் கூடாது. வாயால சொன்னா உன் மண்டையில ஏறாதுன்னு நினைச்சுட்டேன். இனிமே கை ஓங்க மாட்டேன்."

கன்னத்து எரிச்சல் அப்போதுதான் அடங்கியது.

"சாமி, அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். எனக்கு என்ன தண்டனை?"

சாமி எண்ணெய்க் கிண்ணத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்னை ஏன் கேக்கிறே? மூட்டை கட்டினது நானா?"