செவலை பார்த்த பார்வை

காட்டை ஒட்டிய குளம் ஒன்றில் பதினொரு வாத்துகள் இருந்தன. விடிந்தால் போதும், அவற்றின் இரைச்சல் மறுகரை வரை கேட்கும். குளத்தங்கரையில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்குச் செவலை என்ற நாய் வந்து சேர்ந்தது.

செவலை ஆட்டுக்கிடை காத்த பரம்பரை. அதன் தாய் ஒருமுறைகூடக் குரைக்காமல் ஒரு மந்தையையே மடக்கிக்கொண்டு வரும். இந்த வீட்டிலோ ஓர் ஆட்டுக்குட்டி கூட இல்லை. பால்சோறு கிடைத்தது, படுக்கச் சாக்கு கிடைத்தது, வேலைதான் கிடைக்கவில்லை. கால்கள் குறுகுறுத்தன. வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்து முற்றத்து மூலையில் ஒதுக்கிப் பார்த்தது.

"பிள்ளைங்க என்ன ஆட்டுக்குட்டியா? போ அந்தப் பக்கம்" என்று அதட்டினாள் வீட்டுக்காரி கோமளம்.

செவலை குளத்துக்குப் போனது.

அது குரைக்கவில்லை. கடிக்கவும் இல்லை. வயிற்றைப் புல்லில் பதித்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தது. பார்வை பட்டதும் வாத்துகளுக்கு உடம்பு சில்லிட்டது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தாழம்புதர் ஓரமாய் ஒதுங்கி நின்றன.

"எங்களை ஏன் இப்படி மடக்குகிறாய்?" என்று கேட்டது வெள்ளச்சி என்ற வாத்து.

"சிதறித் திரிந்தால் ஆபத்து. உங்கள் நல்லதுக்குத்தான்."

"யாரால் ஆபத்து?"

செவலை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தது. வெள்ளச்சி வாயை மூடிக்கொண்டது.

தினமும் இதே கதைதான். கோமளத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம செவலை எவ்வளவு சமத்து பாருங்க!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினாள். குளத்தில் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. ஒருநாள் முழுவதுமாக நின்றுபோனது. தவளை ஒன்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

"எங்கே போகிறாய்?" என்றது செவலை.

"தெரியவில்லை. இங்கே இருக்கப் பயமாயிருக்கிறது" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னது தவளை.

ஓர் உச்சிவேளை. பிள்ளைகள் கிணற்றடியில் செவலையைக் குளிப்பாட்டினார்கள். ஈரத்தை உதறிவிட்டு அது குளத்துக்கு வந்தது. காற்றே இல்லை. மடக்க ஆளே இல்லாதபோதும் வாத்துகள் தாழம்புதர் ஓரம் நெருக்கியடித்து நின்றன. எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி நின்றன.

'எவ்வளவு அடக்கம்!' என்று செவலை பூரித்தது. பக்கத்தில் போனதும்தான் தண்ணீரில் மிதந்த இறகுகள் கண்ணில் பட்டன.

வாத்துகளுக்கு நடுவே ஒரு காட்டுப்பூனை உட்கார்ந்து, ஒரு வாத்தை முடித்துவிட்டு இரண்டாவதை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து வாத்து அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தண்ணீருக்குள் ஓடுங்கள்!" என்று செவலை கத்தியது.

ஒன்றும் அசையவில்லை.

"வீணாகக் கத்தாதே" என்றது காட்டுப்பூனை. "நான் துரத்தவும் இல்லை, பதுங்கவும் இல்லை. நீ இலை போட்டு வைத்திருந்தாய். வந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான்."

செவலை பாய்ந்தது. பூனை வெள்ளச்சியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் மறைந்தது. வெள்ளச்சி ஒரு குரல்கூடக் கொடுக்கவில்லை. எட்டு வாத்துகள் மிஞ்சின.

"போய்விட்டது. இனி உங்கள் இஷ்டம்போல் நீந்துங்கள்" என்று செவலை கெஞ்சியது. அவை நின்ற இடத்திலேயே நின்றன. தன் பார்வைதான் தடுக்கிறதோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தது. பின்னால் மெத்தென்று காலடிச் சத்தம். திரும்பினால், எட்டு வாத்துகளும் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தன. அது நின்றதும் அவையும் நின்றன. அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு, அடுத்த உத்தரவுக்காகக் காத்திருந்தன.

பயமுறுத்தி அடக்கி வைப்பவர், ஆபத்து வரும்போது தப்பியோடும் துணிவையும் சேர்த்தே பறித்துவிடுகிறார்.