திரும்பிப் பார்க்காத தலைவி

மேளங்கள் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டு ஓரம் ஒரு கல்லூரி இருந்தது. மற்ற கல்லூரிகள் கதவைச் சாத்தியதால் கறுப்பர்களுக்கென்றே எழுந்த கல்லூரி அது. அதன் பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் கோல் சுழற்றி ஆடும் பெண்களுக்கு வெர்டெல்தான் தலைவி.

நகரத்து மைதானத்தில் பெரிய விழா. மாதக்கணக்கில் பழகிய ஆட்டத்தோடு பெண்கள் வந்து இறங்கினார்கள். வாசலிலேயே மைதானத்து மேலாளர் மறித்தார்.

"புல்தரை வெள்ளைக்காரக் கல்லூரிங்களுக்கு. உங்க பேண்டு கேலரியில இருந்து வாசிக்கட்டும். ஒரு பொண்ணு புல்லுல கால் வச்சாலும் எல்லாரையும் வெளியே தள்ளிடுவேன்."

கேலரியில் உட்காரும் பலகைகள் படிப்படியாக, நெருக்கமாக இருந்தன. கோலைச் சுழற்றினால் முன்னால் இருப்பவளின் மண்டைதான் உடையும். பழகிய ஆட்டம் எதுவும் அங்கே செல்லாது. பெற்றவர்கள் எதிர்க் கேலரியில் காத்துக் கிடக்க, இவர்கள் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பதா?

வெர்டெல் கோலைக் கீழே போட்டாள். முன்வரிசைப் பலகையில் ஏறி நின்றாள்.

"என்ன ஆடப்போறே?" என்று பெரிய மேளம் பதறியது.

"எனக்கே இன்னும் தெரியாது. நீ அடி."

"நான் அடிச்சா நீ கத்துறது யாருக்கும் கேக்காது. பின்னாடி இருக்கறவங்க எந்திரிக்கலைன்னா, ஊர் முன்னாடி நீ மட்டும் கோமாளியா நிப்பே. ஒரு தரம் திரும்பியாவது பாரேன்!"

"திரும்பினா எனக்கே நம்பிக்கை இல்லைன்னு ஆயிடும். மாட்டேன். அடி!"

மேளம் இடித்தது. வெர்டெல் தோளை வெட்டினாள், இடுப்பை ஒடித்தாள், தலையைச் சிலுப்பினாள். பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. திரும்பாமல் அதே அடியை மறுபடியும் ஆடினாள்.

எதிர்க் கேலரி எழுந்து நின்று கூவியது. இரண்டாம் வரிசையில் எர்னஸ்டீன் என்ற பெண் அந்த அடியைப் பிடித்திருந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வரிசை, அதைப் பார்த்து அதற்கும் அடுத்தது. ஆட்டம் உச்சிப் பலகை வரைக்கும் ஏறிவிட்டது.

மேலாளர் ஓடி வந்தார். "நிறுத்துங்க!"

"புல்லுல கால் வைக்கலையே ஐயா," என்றாள் வெர்டெல், ஆடிக்கொண்டே. "நீங்க விட்ட இடத்துலதானே நிக்கிறோம்?"

மேளம் மேலாளரின் காதருகே இன்னும் ஓங்கி இடித்தது.

கறுப்பர் கல்லூரிகளின் ஆட்டக் குழுக்கள் கேலரியிலேயே எழுந்து ஆடுவதும், தலைவி சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிடும் அடியை வரிசை வரிசையாகப் பிடிப்பதும் அன்று முதல்தான். இன்று புல்தரையும் அவர்களுடையதுதான். ஆனாலும் கேலரியை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவி திரும்பிப் பார்ப்பதுமில்லை.