நடுவில் இருப்பவர்தான் மாப்பிள்ளை

கொம்பேறிப்பட்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. அங்கே வேலை பார்த்த மூன்று பேரும் சொன்ன சொல்லை அப்படியே செய்கிறவர்கள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதுவும் சொல்வதில்லை.

மூவரில் இளையவன் தவசிமுத்து. வயது முப்பத்தெட்டு. பதினோரு வரன் வந்து தட்டிப்போயிருந்தது. பன்னிரண்டாவது இடத்தில் போட்டோ கேட்டார்கள்.

"நாலு மணி பஸ்ஸுக்குள்ள போட்டோ என் கையில இருக்கணும். இதையும் விட்டா அப்புறம் என்கிட்ட வராதே," என்று தரகர் சொல்லிவிட்டார்.

தவசிமுத்துவுக்கு நல்லபடியாக அமைந்த போட்டோ ஒன்றுதான். தேர்த் திருவிழாவில் எடுத்தது. நடுவில் அவன், கூட வேலை பார்க்கும் இருவரில் இந்தப் பக்கம் பரஞ்சோதி, அந்தப் பக்கம் ஏகாம்பரம். புதிதாக ஒன்று எடுக்கலாமே என்று மூவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வேலை பார்த்தது போட்டோ ஸ்டுடியோவில்தான்.

ஆகவே, இரண்டு பக்கத்து ஆட்களையும் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுவது என்று முடிவானது. முதலாளி சற்குணம் மகளின் வளைகாப்புக்குப் போயிருந்தார். போகும்போது சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். 'முதலில் கண்ட்ரோலை அழுத்திப் பிடிக்கவும். வேண்டாத இடத்தை வளைத்து டெலிட் அழுத்தவும். தப்பு செய்தால் கண்ட்ரோலோடு இசட். ஒரு தப்புக்கு ஒரு தடவை.'

ஏகாம்பரம் கண்ட்ரோலை அழுத்திப் பிடித்தார். விடச் சொல்லித் தாளில் எழுதவில்லை. அதனால் விடவில்லை. மத்தியானம் தவசிமுத்துதான் அவருக்குத் தயிர்சாதம் ஊட்டினான்.

"முதல்ல யாரை அழிக்கிறது?" என்று கேட்டான் தவசிமுத்து.

"கண்ட்ரோலைப் பிடிக்க நான் வேணும்," என்றார் ஏகாம்பரம். "பரஞ்சோதியை அழி."

பரஞ்சோதி மறுக்கவில்லை. "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிடறேன்," என்று மனைவிக்குப் போன் போட்டார். "சாயங்காலம் வரமாட்டேன் போல இருக்கு. என்னை அழிக்கிறாங்க."

"அழிச்சு முடிச்சதும் உளுந்து ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள்.

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார். தவசிமுத்து டெலிட்டை அழுத்தினான். திரையில் பரஞ்சோதி நின்ற இடம் வெள்ளையானது. நாற்காலியில் இருந்த பரஞ்சோதி ஒரு கண்ணைத் திறந்து, தன் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

"படத்துல போயிட்டே. இங்க அப்படியே இருக்கே," என்றார் ஏகாம்பரம். "பாதிதான் வேலை செஞ்சிருக்கு."

"பாதி வேலைன்னா அது தப்புதானே அண்ணே?"

"தப்புதான். குறிச்சு வை."

தவசிமுத்து குறித்துக்கொண்டான். அடுத்து, போட்டோவுக்குக் கீழே பேர் எழுதினால் பெண் வீட்டுக்காரர்களுக்கு வசதி என்று பட்டது. தன் பேரை ஆங்கிலத்தில் அடித்தான். ஏகாம்பரத்தின் விரல்தான் கண்ட்ரோலில் இருக்கிறதே. எழுத்து விழாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் படத்தில் ஒவ்வொன்று நடந்தது. ஒரு எழுத்துக்குச் சுற்றிலும் கட்டம் விழுந்தது. இன்னொன்றுக்குக் கோடுகள் எறும்பு போல ஊர்ந்தன. ஐ என்ற எழுத்தை அடித்ததும் படம் நெகட்டிவ் போல மாறி, அவன் முகம் கரிக்கட்டையாகி, மீசை நரைத்து, பல் கறுத்துவிட்டது.

"இப்படியே கொடுத்துடலாமா? பின்னாடி ஏமாத்திட்டோம்னு சொல்ல மாட்டாங்க," என்றார் பரஞ்சோதி.

தவசிமுத்துவுக்கு அழுகை வந்தது. மணி மூன்றே முக்கால். "தாள்ல இருக்கிறபடி இசட் அடிக்கலாம்ணே. மொத்தம் எத்தனை தப்பு?"

"எந்த வருஷத்துல இருந்துன்னு போடலையே," என்றார் ஏகாம்பரம்.

ஆகவே ஆரம்பத்திலிருந்து எண்ணினார்கள். மூன்றாம் வகுப்பில் இரண்டு தடவை பெயிலானது. கிணற்றின் ஆழம் பார்க்கக் கேமராவை உள்ளே விட்டது. மணப்பெண்ணை எடுக்காமல் பந்தியை மட்டும் எடுத்துவந்த கல்யாணங்கள் ஐந்து. எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று வந்தது. நாற்பத்தொரு தடவை இசட் அடித்தான். மீசை கறுத்தது, முகம் வெளுத்தது, கடைசியில் பரஞ்சோதியும் பழையபடி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் உள்ளே வந்தார். "எதுவும் செய்ய வேண்டாம். அப்படியே பிரிண்ட் போடுங்க. நடுவுல இருக்கிறவர்தான் மாப்பிள்ளைன்னு நான் சொல்லிக்கறேன். யோவ், கையை எடுய்யா," என்றார். ஏகாம்பரம் விரலை எடுத்தார்.

பெண் வீட்டாருக்குப் போட்டோ பிடித்துவிட்டது. மாப்பிள்ளையை மட்டும் அனுப்பச் சொல்லி ஆள் வந்தது. தவசிமுத்து தரகரைக்கூடத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாகப் போனான்.

பெண்ணின் அப்பா பூபாலன் போட்டோவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"நடுவுல இருக்கிறவர்தான் மாப்பிள்ளைன்னு சொன்னாங்க. நீங்க யாருக்கு நடுவுல இருக்கீங்க?"

தவசிமுத்து இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. கேள்வி நியாயமாகவே பட்டது. பன்னிரண்டாவதும் போயிற்று என்று எழுந்துகொண்டான்.

அப்போது உள்ளேயிருந்து பெண் செண்பகவடிவு வந்தாள். "உட்காருங்க. அப்பா, நீங்க அவருக்கு அந்தப் பக்கம் உட்காருங்க. நான் இந்தப் பக்கம் உட்கார்றேன்."

உட்கார்ந்தார்கள். பூபாலன் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "ஆமா. இப்ப மாப்பிள்ளைதான்."

"நீங்க எந்திரிச்சுடாதீங்கப்பா. அவர் ஓரத்துக்குப் போயிடுவார்," என்றாள் செண்பகவடிவு.

பூபாலன் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்தன்று மணமேடையிலும் ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் அப்பா. இது ஏன் என்று ஐயர் கேட்டதற்கு, மாப்பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று மூன்று பேருமாகத் திருப்பிக் கேட்டார்கள். அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

புதுமணத் தம்பதி வரும் புதன்கிழமை கொடைக்கானல் போகிறார்கள். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டாகப் பிடித்தாயிற்று. பூபாலன் மங்கி குல்லாவும் வாங்கிவிட்டார். ஜன்னலோரம் யாருக்கு என்பதில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.