கட்டில்ல படுத்த பாட்டிலு

உக்காருங்கப்பா, உக்காருங்க. யாருப்பா அங்க தூணு மாதிரி நிக்கிறது? பின்னாடி இருக்கறவனுக்கு என் மூஞ்சி தெரிய வேணாமா? பாதிக் கதை மூஞ்சிலதான் இருக்குது. ஏ வெத்தலபாக்கு, மெல்லறத நிறுத்து, ஓட்டு மேல மழை பேயற மாதிரி கேக்குது. ம்ம். இப்ப சரி.

பாகூர் பக்கத்துல மூணாங்கேணின்னு ஒரு ஊரு. அங்க இருக்கிற கேணி ஒண்ணுதான். மூணுன்னு எண்ணினவன் அந்த ஊர்க்காரன்.

அங்க கலிவரதன்னு ஒருத்தன், தென்னந்தோப்பு வச்சிருந்தான். பொண்டாட்டி பேரு அஞ்சலாட்சி. அவ கருவாட்டுக் கொழம்பு கொதிக்க வச்சா அடுத்த தெருப் பூனையெல்லாம் வந்து வரிசையில நிக்கும். கலிவரதனுக்கு ஒலகத்துல ரெண்டே ரெண்டுதான் புடிக்கும். ஒண்ணு அஞ்சலாட்சி, இன்னொண்ணு அந்தக் கொழம்பு. எது மொதல்லன்னு கேட்டா கொஞ்சம் யோசிப்பான்.

பிரான்சுல இருக்கற அவன் சித்தப்பா மவன் லீவுல வந்தான். வந்தவன் சும்மா இருக்கக் கூடாதா? புதுச்சேரியில ஒரு ஒயின் கிளப்புல அண்ணன் பேர எழுதிட்டு ஏரோப்ளேன் ஏறிட்டான். மாசம் ஒரு பாட்டில் வீடு தேடி வருமாம். அத எப்படி வைக்கணும், எப்படிக் குடிக்கணும்னு அச்சடிச்ச காயிதமும் கூட வருமாம்.

"கிளப்புன்னா சும்மாவா? கோட்டு போடாம வாங்கினா பாட்டில திருப்பி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க"ன்னான் மண்ணாங்கட்டி. இவன் கலிவரதனோட கூட்டாளி. பேருதான் அப்படின்னு நெனைக்காதீங்க.

உடனே கலிவரதன் யாரோ கல்யாணத்துக்குத் தச்ச கோட்ட எரவல் வாங்கினான். கீழ லுங்கி, மேல கோட்டு. சித்திர வெயில்ல வாசல்ல நின்னான்.

பாட்டில் கொண்டாந்த ஆளு பாத்துட்டு, "வீட்ல எதாச்சும் விசேஷமா சார்?"னான்.

"ஆமாங்க. நீங்கதான்"னான் கலிவரதன்.

காயிதத்தப் படிக்க தேவநாதனக் கூப்ட்டாங்க. பத்தாங்கிளாஸ மூணு தடவ படிச்சவன். அந்த ஊர்ல வேற யாரும் அவ்வளவு படிச்சதில்ல.

தேவநாதன் தொண்டையச் செருமிக்கிட்டு ராகமாப் படிச்சான். "பாட்டிலைக் குளிர்ந்த, இருட்டான இடத்தில் படுக்க வைக்கவும். நிமிர்த்தி வைத்தால் வாயை அடைத்திருக்கும் கார்க் காய்ந்துவிடும். அசைக்க வேண்டாம்."

"படுக்க வைக்கறதுன்னா எங்கண்ணே?"

"மனுசன் எங்கடா படுப்பான்? கட்டில்ல."

வீட்ல இருந்தது ஒரே கட்டிலு. அஞ்சலாட்சி சீரா கொண்டாந்த தேக்குக் கட்டிலு. அதுல பாட்டிலப் படுக்க வச்சு, தலகாணி குடுத்து, கழுத்து வரைக்கும் போத்திவுட்டாங்க. ஜன்னலுக்குச் சாக்கு கட்டுனாங்க.

"நான் எங்கய்யா படுக்கறது?"ன்னா அஞ்சலாட்சி.

"தரையில படுடி. நீ நிமிந்து ஒக்காந்தாக்கூட காஞ்சு போவ மாட்ட."

மறுநாள் அவ ஒரல்ல மொளகா இடிச்சா. ஓடியாந்தான் கலிவரதன். "இடிக்காதடி, கட்டில் அதிருது!" அதோட கொழம்புக்கு மொளகாத்தூள் கெடையாது. பூனையெல்லாம் ஒரு வாரம் வந்து பாத்துட்டு வேற தெருவுக்குப் போயிருச்சு.

ரெண்டாம் மாசம் இன்னொரு பாட்டில் வந்துச்சு. ரெண்டும் கட்டில்ல பக்கத்துல பக்கத்துலயே படுத்துச்சு. புரண்டு கிரண்டு மேல விழுந்துடப் போறோம்னு கலிவரதனும் தரைக்கு எறங்கிட்டான்.

ஒரு ஞாயித்துக்கெழம, மூத்த பாட்டில எழுப்பி, கார்க்கத் தெறந்தாங்க. தேவநாதன் காயிதத்த எடுத்தான். "திறந்த பிறகு அரை மணி நேரம் மூச்சு விடட்டும். பிறகு பருகவும்."

மூணு பேரும் சுத்தி ஒக்காந்தாங்க. மண்ணாங்கட்டி பாட்டில் வாய்கிட்ட ஒரு துண்டு பஞ்சு புடிச்சான்.

"ஆடுதா?"

"ஆடல."

"உள்ள இழுக்குதோ என்னமோ. வெளிய விடும்போது ஆடும்."

அரை மணி நேரம் போச்சு. பஞ்சு அப்படியே இருந்துச்சு. தேவநாதன் பாட்டில் கழுத்துல ரெண்டு வெரல வச்சு நாடி பாத்தான். மெதுவா தலையில கட்டியிருந்த துண்ட அவுத்தான்.

"அடங்கிருச்சுடா."

"ஐயோ! காலையிலகூட நல்லா இருந்துச்சே!"ன்னு கலிவரதன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டான். "நாந்தாண்ணே கார்க்கத் திருகினேன். கழுத்த நெரிச்சுட்டேனா?"

"சரி, ஆனது ஆச்சு. குடிச்சிரலாமா?"ன்னான் மண்ணாங்கட்டி.

"செத்ததக் குடிப்பியாடா நீ? த்தூ!"ன்னான் தேவநாதன்.

ஆக ஒருத்தரும் ஒரு சொட்டு வாயில வைக்கல. தோப்புல குழி வெட்டினாங்க. அங்க ஒரு சிக்கலு.

"ஒக்கார வச்சுப் பொதைக்கலாம்"னான் மண்ணாங்கட்டி. "சாமியாருங்கள அப்படித்தான் பொதைக்கறாங்க."

"இது என்ன சன்னியாசம் வாங்கிச்சா? படுக்க வைடா. கார்க் காஞ்சிரும்"னான் தேவநாதன். அப்பவும் காயிதத்த வுடல பாருங்க.

படுக்க வச்சுப் பொதச்சு, மறுநாள் பால் தெளிச்சாங்க. கலிவரதன் வீட்டுக்கு வந்து, "அஞ்சலாட்சி, பதினாறாம் நாளு நாப்பது பேருக்குச் சமைக்கணும்"னான்.

"யாருய்யா செத்தது?"

சொன்னான்.

அவ கரண்டியக் கீழ வச்சா. "என் கட்டில எடுத்துக்கிட்ட, பொறுத்தேன். மொளகா இடிக்கக் கூடாதுன்ன, பொறுத்தேன். இப்ப பாட்டிலுக்குக் கருமாதிச் சோறா? அந்தக் கிளப்புல ஒம் பேரு இருக்கற வரைக்கும் நான் இந்தப் படிய மிதிக்க மாட்டேன்!" துணிமணியச் சுருட்டிக்கிட்டு பாகூர்ல அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

நாலு நாளு. கலிவரதன் தானே ஒல வச்சான். ஒரு நாளு சோறு கருகிச்சு, ஒரு நாளு கொழஞ்சுது, ஒரு நாளு அரிசி போடவே மறந்துட்டு வெந்நிய வடிச்சான். அஞ்சாம் நாளு தேவநாதன் கால்ல விழுந்தான். "அண்ணே, எனக்கு அஞ்சலாட்சி வேணும். கிளப்புலேருந்து எம் பேர எடுத்துருங்க."

தேவநாதன் காயிதத்தப் பெரட்டிப் பாத்தான். "சேந்தா சேந்ததுதாண்டா. ரேஷன் கார்டுல ஒங்க தாத்தா பேர எப்ப எடுத்தாங்க?"

"செத்தப்புறம்."

"அப்ப கிளப்புல?"

"அப்ப நான் சாவணுமாண்ணே?"ன்னான் கலிவரதன்.

மண்ணாங்கட்டி குறுக்க வந்தான். "எங்கப்பா செத்து பதினோரு வருசம் ஆச்சு. நம்ம பால் சங்கத்துல இன்னும் அவரு பேரு இருக்குதே?"

"நீ ஒங்கப்பன நேர்ல கொண்டுபோய்க் காட்டினியா?"

"இல்ல."

"அதாண்டா. நேர்ல காட்டணும்."

அவ்வளவுதான், முடிவாயிருச்சு. பாட கட்டுனாங்க. கலிவரதனுக்குக் கோட்ட மாட்டி, மால போட்டு, மூக்குல பஞ்சு வச்சாங்க. "பேர அடிச்சு முடிக்கற வரைக்கும் வாயத் தெறக்காத, கண்ணத் தெறக்காத. தெறந்த, ஒம் பொண்டாட்டி ஒனக்கில்ல"ன்னான் தேவநாதன். குட்டியானை வண்டியில ஏத்தி, பின்னாடி மேளத்தோட புதுச்சேரிக்குக் கெளம்புனாங்க.

வண்டி பாகூர் தாண்டணும் இல்லையா? கடைத்தெருவுல கருவாடு வாங்கிக்கிட்டு நின்னா அஞ்சலாட்சி. மேளச் சத்தம் கேட்டு நிமிந்தா. கோட்டு தெரியுது, கோட்டுக்குக் கீழ லுங்கி தெரியுது. அவளுக்கா அடையாளம் தெரியாது?

"அடப்பாவி மனுசா!"ன்னு கருவாட்டுப் பையோட வண்டியில ஏறி மேல விழுந்தா. "ஒத்தக் கட்டிலுக்குச் சண்ட போட்டுட்டு ஒன்னத் தனியா வுட்டேனே! எந்திரிய்யா, நான் தரையிலயே படுத்துக்கறேன்!"

கலிவரதன் மூக்குக்கு நேரா கருவாட்டுப் பை. நாலு நாள் பட்டினிக்காரன். ஆனாலும் அசையலயே! பேரு இன்னும் அடிக்கலையே!

கிளப்பு ஆபீசுல பிலோமினான்னு ஒரு மேடம் நோட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. மேளம் நின்னுச்சு. பாட உள்ள வந்துச்சு. அஞ்சலாட்சி வாசப்படியிலயே விழுந்து ஒப்பாரி வச்சுக்கிட்டிருந்தா.

"மேடம், இவரு ஒங்க மெம்பரு. செத்துட்டாரு. பேர எடுத்துருங்க"ன்னான் தேவநாதன்.

மேடம் பதறிப் போய் எந்திரிச்சாங்க. கிட்ட வந்தாங்க. குனிஞ்சு பாத்தாங்க. "ஏங்க... மூக்குல பஞ்சு ஆடுதே! மூச்சு விடறாரே!"

மண்ணாங்கட்டிதான் கைகட்டி, பணிவாச் சொன்னான். "ஆமாங்க மேடம். நீங்க குடுத்த காயிதப்படிதான். அரை மணி நேரம் மூச்சு விடட்டும்னு வச்சிருக்கோம்."

மேடம் கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டாங்க. தோளெல்லாம் குலுங்குது. பாவம், எவ்வளவு பாசமான கிளப்புன்னு மேளக்காரங்ககூட கண்ணத் தொடச்சிக்கிட்டாங்க.

கொஞ்சம் தேறினதும் மேடம் கேட்டாங்க, "ஏங்க, வேணாம்னா ஒரு போன் பண்ணிச் சொன்னாலே பேர எடுத்துருவோமே?"

தேவநாதன் பின்னாடி நகந்து வந்து மண்ணாங்கட்டி காதுல, "சாவ வேணாமாம்டா. எழுப்பிரலாமா?"ன்னான்.

"இவ்வளவு தூரம் மேளத்தோட வந்துட்டு பாதியில எழுப்பினா மரியாதையா இருக்காதுண்ணே. எடுத்த காரியத்த முடிச்சிருவோம்."

மேடம் பேர அடிச்சாங்க. அப்புறம் பீரோவத் தெறந்து, "இவரு பேர்ல இந்த மாசப் பாட்டில் வந்து கெடக்குது. இத என்ன பண்ண?"ன்னாங்க.

அப்பத்தான் உள்ள வந்த அஞ்சலாட்சி பாட்டிலப் பாத்தா. பாத்த பார்வையில பாட்டிலே வெடிச்சிருக்கணும். அத வெடுக்குன்னு புடுங்குனா. "எங் குடியக் கெடுத்த சனியனே! நீயும் அவரு கூடவே போ! யோவ் தேவநாதா, குழியில அவரு தலமாட்டுல இதச் செங்குத்தா நட்டு வச்சு மண்ணத் தள்ளுய்யா!"

அப்ப பாடையிலேருந்து, கண்ணத் தெறக்காம, மூக்குப் பஞ்சு தெறிக்க ஒரு கொரலு வந்துச்சு:

"நட்டு வைக்காதடி, படுக்க வை! கார்க் காஞ்சிரும்!"