தலைமை ஆசிரியர் உயிரோடு இருப்பதாக ஒரு தரப்பு

டங், டங், டங், டங் என்று மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் குத்துக்காலிட்டு டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த தில்லைநாயகம் கையில் தேங்காய் நாரோடு அப்படியே நிமிர்ந்தார். சாப்பாட்டு மணி எப்போதோ அடித்தாயிற்று. வீட்டு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது. கொக்குமடை நடுநிலைப் பள்ளியில் இப்படி விடாமல் அடித்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டிபன் பாக்ஸை ஊறப் போட்டுவிட்டு ஓடினார். மைதானத்தில் மொத்தப் பள்ளிக்கூடமும் தலை குனிந்து நின்றது. தலைமை ஆசிரியர் என்ற முறையில் அவரும் முன்வரிசையில் போய்த் தலை குனிந்தார். இரண்டு நிமிடம் முடிந்ததும் கணக்கு வாத்தியார் பிச்சாண்டியின் காதோரம் கேட்டார்.

"யாரு சார்?"

"நீங்கதான் சார்."

தில்லைநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்போ?"

"காலையில பதினோரு மணிக்கு. மாரடைப்பாம். வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு."

"பதினோரு மணிக்கு நான் எட்டாம் வகுப்புல பாடம் எடுத்துட்டு இருந்தேனே!"

"அதைச் சொல்லித்தான் சார் எல்லாரும் அழுவுறாங்க. கடைசி வரைக்கும் பாடம் எடுத்தாரேன்னு."

கொக்குமடை ஆசிரியர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். உத்தரவு என்று வந்துவிட்டால் அதில் ஒரு எழுத்து பிசகமாட்டார்கள். மரக்கன்று நட்டதற்கு ஆதாரம் கேட்டு ஒரு முறை கடிதம் வந்தது. போட்டோவை மட்டும் அனுப்பினால் நம்புவார்களோ மாட்டார்களோ என்று, நட்ட கன்றையும் பிடுங்கிச் சாக்கில் கட்டி அனுப்பியவர்கள்.

அப்படிப்பட்ட பள்ளிக்குப் போன மாதம் இன்னொரு உத்தரவு வந்தது. நடப்புச் செய்திகளை, அதிலும் சர்ச்சைக்குரியவற்றை, வகுப்பில் பேச வேண்டும். எது நிஜம், எது புரளி என்று பிள்ளைகளுக்குச் சோதிக்கக் கற்றுத்தர வேண்டும். தில்லைநாயகம் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, நான்கு விதிகளைச் சார்ட் பேப்பரில் எழுதித் தன் கையாலேயே ஒட்டினார். எந்தச் செய்தியையும் உடனே நம்பாதே. ஆதாயம் உள்ளவர் பேச்சைச் சான்றாக எடுக்காதே. சம்பந்தமில்லாத இரண்டு பேரிடம் விசாரி. இரு தரப்புக்கும் சம நேரம் கொடு.

இன்று மூன்று மணிக்கு அந்த வகுப்பைப் பார்க்கக் கல்வி அலுவலர் வருகிறார். என்ன செய்தியை எடுப்பது என்றுதான் ஒரு வாரமாகத் தகராறு. மதுக்கடை வேண்டாம் என்றார் அறிவியல் டீச்சர் ஜெசிந்தா, பாதிப் பிள்ளைகளின் அப்பா அங்கேதான் இருப்பார்கள் என்று. ஏரி ஆக்கிரமிப்பு வேண்டாம் என்றார் பிச்சாண்டி, பள்ளிக்கூடமே ஏரிக்குள்தான் இருக்கிறது என்று.

"இப்ப தானா ஒண்ணு கிடைச்சிருச்சு பாருங்க" என்றார் ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஹெச்.எம். செத்தாரா, இல்லையா? யார் மனசும் புண்படாது."

"டீச்சர், நான் உயிரோட இருக்கேன்."

"சார், ரெண்டாவது விதி. நீங்க உயிரோட இருந்தா ஆதாயம் யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அப்புறம் எப்படி சார் நீங்களே சொல்றீங்க?"

தில்லைநாயகத்துக்கு இரண்டு விதமாக இருந்தது. பாதி பயம். மீதி, தான் எழுதி ஒட்டிய விதியை ஒருத்தர் மனப்பாடமாகச் சொல்கிறாரே என்ற பெருமை. ஆனால் அலுவலர் ரிப்போர்ட்டில் 'காலமானார்' என்று எழுதிவிட்டால் நாற்காலி அடுத்த மூப்பில் உள்ள பிச்சாண்டிக்குப் போய்விடும். முப்பத்தொரு வருஷம் காத்திருந்து பிடித்த நாற்காலி. அதில் உட்கார்ந்து நாலே மாதம் ஆகிறது.

மூன்று மணிக்கு அலுவலர் இளம்பரிதி வந்தார், கையில் ரோஜா மாலையோடு. அவருக்கும் செய்தி போயிருந்தது. தில்லைநாயகம் வாசலில் வணக்கம் சொன்னார். அலுவலர் பதில் வணக்கம் சொல்லிவிட்டு, மாலையை யாரிடம் தருவது என்று தெரியாமல் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு பின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

யார் எந்தத் தரப்பு என்று சீட்டுக் குலுக்கினார்கள். 'உயிரோடு இருக்கிறார்' பிச்சாண்டிக்கு விழுந்தது. 'இறந்துவிட்டார்' தில்லைநாயகத்துக்கு.

பிச்சாண்டி எழுந்தார். "அவர் நிற்கிறார். நடக்கிறார். இதோ முறைக்கிறார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தில்லைநாயகம் நியாயமான மனுஷர். கொடுத்த தரப்பை அரைகுறையாகப் பேச அவருக்கு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீட்டுக்குள்ள நான் நுழைஞ்சா யாரும் தலை தூக்கிப் பார்க்கிறதில்லை. நான் சொல்லிட்டு இருக்கும்போதே எதிராளி வேற ஆள்கிட்ட பேசுறார். பஸ்ஸுல என் மடியில ஒருத்தர் மூட்டையை வச்சுட்டு, இறங்கும்போது எடுத்துட்டுப் போனார், ஒரு வார்த்தை சொல்லலை. உயிரோட இருக்கிறவனை இப்படியா நடத்துவாங்க, சொல்லுங்க?"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. எதிர்த்தரப்பில் இருந்த பிச்சாண்டியே எழுந்து நின்று தட்டினார். பேச்சு நன்றாக அமைந்துவிட்டதே என்ற கவலையோடு தில்லைநாயகம் உட்கார்ந்தார்.

அடுத்து மூன்றாவது விதி. காவலாளி அய்யாக்கண்ணு ரோட்டில் இரண்டு பேரைத் தேடி, கிடைத்த ஒரே ஆளான பிளாஸ்டிக் குடம் வியாபாரியைப் பிடித்துவந்தார்.

"இவரை உனக்குத் தெரியுமா?" என்றார் ஜெசிந்தா.

"தெரியாதுங்க. நான் வெளியூரு."

"ரொம்ப நல்லது. இன்னிக்கு முன்னாடி இவரை உயிரோட பார்த்திருக்கியா?"

"இல்லீங்களே."

"எழுதிக்கோங்க பிள்ளைங்களா. உயிரோடு பார்த்ததே இல்லை என்கிறார்."

அப்போது எட்டாம் வகுப்புப் பொன்மலர் கையைத் தூக்கினாள். "டீச்சர், இந்தச் செய்தியை முதல்ல யாரு எழுதினாங்க?"

வகுப்பு அசந்துபோனது. அதை யாரும் யோசிக்கவில்லை. போனை வாங்கி, வந்த வழியே பின்னால் தேடிப் போனார்கள். அலுவலருக்கு அனுப்பியது பிச்சாண்டி. பிச்சாண்டிக்கு வந்தது ஆசிரியர் குரூப்பில். குரூப்பில் போட்டது ஜெசிந்தா. ஜெசிந்தாவுக்கு நேற்று அனுப்பியவர் தில்லைநாயகம்.

"அடடா!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "பாடத்துக்கு ஒரு பொய்ச் செய்தி மாதிரி வேணும்னு நான்தானே எழுதினேன்! யாருக்கும் கஷ்டம் வேண்டாம்னு என் பேரையே போட்டேன். மத்தியானத்துலேர்ந்து, எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கேன்னு பார்த்துட்டே இருக்கேன்!"

தப்பித்தோம் என்று மூச்சு விட்டார். பிச்சாண்டி மெதுவாக எழுந்தார்.

"செத்தவரே கைப்பட எழுதியிருக்கார். இதைவிடப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க யார் இருக்க முடியும்?"

அலுவலர் தோளில் மாலையோடு எழுந்து நின்று பெருமூச்சு விட்டார். "இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு வகுப்பை நான் பார்த்ததில்லை. ரெண்டு பக்கமும் வலுவா இருக்கு. நாலாவது விதிதான் வழி. சம நேரம். ஹெச்.எம். காலையில உயிரோட இருக்கட்டும். மத்தியானத்துக்கு மேல இறந்துடட்டும். மேலிடத்திலிருந்து தெளிவுரை வர்ற வரைக்கும் இதுதான் ஏற்பாடு."

காலைக் கையெழுத்து தில்லைநாயகம், மாலைக் கையெழுத்து பிச்சாண்டி என்று முடிவானது. முழு நாற்காலியும் போகாமல் பாதியாவது மிஞ்சியதே என்று தில்லைநாயகம் மனசைத் தேற்றிக்கொண்டார். அலுவலர் மாலையை அவர் கழுத்தில் போட்டுவிட்டு, நாளைக் காலையில் மறக்காமல் கழற்றிவிடச் சொன்னார். நேரம் அப்போது நாலு மணி.

தில்லைநாயகம் மாலையோடு குழாயடிக்குப் போனார். டிபன் பாக்ஸ் ஊறி, எலுமிச்சைச் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. குழாயைத் திறந்து, தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தப் பக்கமாக வந்த அய்யாக்கண்ணு நின்றார்.

"அய்யாக்கண்ணு, வீட்டு மணி அடிச்சாச்சா?"

அய்யாக்கண்ணு அவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். "ஆள் யாரும் இல்லாம தண்ணி பாட்டுக்குக் கொட்டுது பாரு" என்று முணுமுணுத்துவிட்டு, குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைகிற வரைக்கும் தில்லைநாயகம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சத்தமில்லாமல் குழாயைத் திறந்து, டிபன் பாக்ஸ் மூடியின் ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.